தந்தியக்கா எடுத்த வரி

தந்தியக்கா எந்தப் பொருளைப் புதிதாகப் பார்த்தாலும் விலையைக் கேட்க மாட்டார். “இது கேட்டு வந்ததா, கேக்காம வந்ததா?” என்றுதான் கேட்பார். புடவைக் கடையில் கூடவே கொடுத்த கைப்பை, மிக்ஸியோடு வந்த மூன்றாவது ஜாடி, கல்யாண வீட்டுத் தாம்பூலத்தில் திணித்த பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ், எல்லாமே அவர் கணக்கில் கேட்காமல் வந்தவை. கேட்காமல் வந்தது சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் கேட்டு வாங்கியதற்கு வீட்டில் இடம் இருக்காது என்பார்.

எனக்கு இந்தப் பேச்சு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. நான் எதையும் தூக்கிப் போடாதவள். கம்பி ஒடிந்த குடை, ஒற்றைக் கொலுசு, காலியான ஹார்லிக்ஸ் பாட்டில், பழைய கல்யாணப் பத்திரிகைகள் என்று என் பரண் எப்போதும் கர்ப்பிணி மாதிரி இருக்கும். இப்படி ஒருத்தியையும் அப்படி ஒருத்தரையும் அடுத்தடுத்த வீட்டில் கொண்டுவந்து வைத்தது யார் செய்த வேலையோ தெரியவில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தபாலாபீஸில் தந்தி கவுண்டரில் வேலை, அதனால் தந்தியக்கா. எழுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெறுங்கழுத்து, காதில் மட்டும் பொட்டாக ஒரு தோடு. தனியாகத்தான் இருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார் என்று சொன்னார்கள். “புருஷனையும் டப்பாவுல போட்டு மண்டலம் பாத்திருப்பா” என்று எதிர்வீட்டு மாமி கேலி செய்வார்.

அந்த டப்பாவைச் சொல்லியாக வேண்டும். அது பெரிய சதுர பிஸ்கட் டப்பா. வீட்டில் ஏதாவது ஒன்று வேண்டாததாகத் தோன்றினால் அக்கா உடனே எறிந்துவிட மாட்டார். அதை எடுத்து, தேதி எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டி, டப்பாவில் போடுவார். பெரிய பொருளாக இருந்தால் கொல்லைப்புற அறையில் வைத்து, சீட்டை மட்டும் டப்பாவில் போடுவார். கோயிலுக்கு விரதம் இருப்பது போல ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அதற்குள் அவரோ வீட்டுக்கு வருகிறவர்களோ அந்தப் பொருளைத் தேடினால் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார். யாரும் தேடவில்லை என்றால் நாற்பத்தொன்பதாம் நாள் அது வீட்டை விட்டுப் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான். இரண்டை ஒன்றாக எடுத்தால் எது இல்லாமல் எது கெட்டது என்று தெரியாதாம். எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைப்பார்.

ஒருமுறை அவருடைய சைக்கிளிலிருந்து பின் மட்கார்டைக் கழற்றி வைத்தார். வைகாசி மாதம். நாற்பத்தெட்டு நாள் என்ன, நாலு மாதமாகியும் யாரும் தேடவில்லை. பழைய இரும்புக்காரர் வராததால் நல்லவேளையாக இன்னும் கொல்லை அறையில் கிடந்தது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் ஆபீசிலிருந்து திரும்பினார், முதுகில் இடுப்பிலிருந்து கழுத்து வரை நாமம் போட்ட மாதிரி சேறு. நான் வாசலில் நின்று சிரித்தேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக உள்ளே போய் நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். “மட்கார்டு: மண்டலம் போதாது, மழை வரை பார்க்கணும்” என்று எழுதியிருந்தது. தலையைக்கூட இன்னும் துவட்டியிருக்கவில்லை. தப்பு செய்தால் உடனே ஒப்புக்கொண்டு எழுதிவைக்கிற மனிதரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலெல்லாம் பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பின் மேல்தான் பழி.

தந்தி கவுண்டரிலும் அவருக்கு இதே வேலைதான். ஜனங்கள் படிவத்தில் ஒரு கடிதத்தையே எழுதிக்கொண்டு வருவார்கள். அக்கா பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லாக அடிப்பார். அன்புள்ள போகும், தயவுசெய்து போகும், மன்னிக்கவும் போகும். ஒரு புயலுக்குப் பிறகு பட்டினச்சேரியிலிருந்து ஒரு மீனவர் வந்தார். காற்று எப்படி அடித்தது, அலை எப்படிப் புரட்டியது, பலகை எப்படிப் பிளந்தது என்று சென்னையில் இருக்கும் மச்சானுக்கு அரைப் பக்கம் சொல்லி எழுதச் சொன்னார். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “படகு போச்சு, ஆள் எல்லாம் வந்தாச்சு. இதானேங்க?” என்றார். அந்த மனிதர் “ஆமாங்க, அதாங்க” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெட்டுகிறவர்களுக்கு மனசு இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் இறந்தபோது அந்த நினைப்பு போயிற்று. என் கணவர் பிரான்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவருக்குத் தந்தி கொடுக்க நான்தான் போனேன். அழுதுகொண்டே எழுதியதால் படிவத்தில் பாதி எழுத்து கலங்கியிருந்தது. அக்கா வழக்கம் போல அடித்துக்கொண்டே வந்தார். நேற்று போனது, மாலை நான்கு மணி போனது, நாங்கள் எல்லோரும் அருகில் இருந்தோம் போனது. “அமைதியாக” என்ற சொல்லுக்கு வந்ததும் பென்சில் நின்றது. “இது இருக்கட்டும். அங்க தனியா ஒக்காந்து படிக்கிற புள்ளைக்கு இது வேணும்” என்றார். என் கணவர் அந்தத் தந்தியைப் பல வருஷம் பர்ஸில் வைத்திருந்தார். அந்த ஒரு சொல்லைப் படித்துத்தான் அன்று சோறு இறங்கியது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. அவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மாமா துப்பாக்கி பிடித்ததைவிட டைப் அடித்ததுதான் அதிகம். சைகோனில் ராணுவ எழுத்தராக இருந்தவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, வலது கையும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்டது. கண்ணில் எல்லாம் தெரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை. சிலேட்டில் எழுத்துகளை எழுதிக் காட்டி எதையாவது தொடச் சொன்னோம். சின்னப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது போல இருந்ததோ என்னவோ, சிலேட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய பழைய பிரெஞ்சு டைப்ரைட்டரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தோம். அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் அந்தச் சாவிகளை அழுத்துகிற பலம் இடது கை விரலுக்கு இல்லை.

என் கணவர் பிரான்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில் பேச்சில்லாத நோயாளி ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டி எழுதுவதைப் பார்த்திருக்கிறார். அந்தச் சாவியைத் தொட்டாலே போதும், எழுத்து விழும். ஊருக்கு வந்த நண்பர் மூலம் வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டார். தெருவே வந்து பார்த்தது. சுவிட்சைப் போட்டால் பாட்டுப் பாடும். பிறந்த தேதி கேட்டு ராசிபலன் சொல்லும். பிரெஞ்சில் முட்டைப் பலகாரம் செய்யச் சொல்லித்தரும். எழுதும் பலகை மாதிரி ஒரு திரையும் இருந்தது. எங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதில்தான் வில்லங்கம். மாமா ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுக் கையை மடியில் போட்டு ஓய்வெடுப்பார். அடுத்த எழுத்துக்கு இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் ஆகும். மூன்று நிமிஷம் யாரும் கீபோர்டைத் தொடவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு கோமாளியைத் திரைக்குக் கொண்டுவரும். அது மேளம் அடித்துக்கொண்டு குட்டிக்கரணம் போடும். சாவியைத் தொட்டால் கோமாளி போய்விடும், அதுவரை எழுதியதும் கூடவே போய்விடும். கடையில் வேடிக்கை காட்டுவதற்காக உள்ளேயே வைத்து விற்றிருக்கிறார்கள். ஒரு சொல்லை முடிக்க மாமா நான்கு நாள் முயன்றார். நான்கு நாளும் கோமாளிதான் வந்தது. ஐந்தாம் நாள் அவர் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா வந்தார். கோமாளி குதிப்பதைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கிடந்த மாமாவைப் பார்த்தார்.

“இது கேட்டு வந்ததா, கேக்காம வந்ததா?”

“கேக்காமத்தான் வந்துச்சு, அக்கா.”

“அப்பறம் என்ன. எடுத்துடலாம்.”

அவர் அதற்கு முன் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. என் கணவருக்கு எழுதிக் கேட்டோம். பதில் வந்தது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் படிக்கிற பட்டியல் ஒன்று உள்ளே இருக்கிறது, அதில் ஒவ்வொரு வரியும் ஒரு புரோகிராமை எழுப்புகிறது, எந்த வரி எதை எழுப்புகிறது என்று தனக்கும் தெரியாது, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று எழுதியிருந்தார். பட்டியலைத் திறக்கும் வழியும், ஏதாவது கெட்டுப்போனால் எழுப்பிவிட ஒரு ஃபிளாப்பியும் கூட வந்தன.

பட்டியலைத் திறந்ததும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பதினோரு வரி. ஒவ்வொன்றிலும் இரண்டு சொல், மூன்று சொல்.

“அட, இது தந்தில்ல?” என்றார்.

முதலில் பதினோரு வரியையும் நீல நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டார். நாளுக்கு ஒரு வரி என்று ஏற்பாடு. இதற்கும் மண்டலம் பார்த்தால் ஒன்றரை வருஷம் ஆகிவிடும், பெரியப்பா அதுவரை காத்திருக்க வேண்டுமா என்று மண்டலத்தை ஒரு நாளாகச் சுருக்கினார். மாமாவை அவர் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். ஆபீசிலிருந்து வந்ததும் ஒரு வரியை எடுப்பார், கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார், எது காணோம் என்று பார்ப்பார். முதல் நாள் பாட்டு போயிற்று. இரண்டாம் நாள் ராசிபலன். மூன்றாம் நாள் முட்டைப் பலகாரம் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “ஒருநாள் செஞ்சு பாத்திருப்பேன், அக்கா” என்றேன். “முட்டைய ஒடச்சு ஊத்தத் தெரியாதா ஒனக்கு?” என்றார்.

எட்டு நாளில் ஆறு வரி போயின. இரண்டு வரிகளை எடுத்தபோது எழுதும் திரையே திறக்கவில்லை, அவற்றைத் திரும்ப வைத்தார். மீதி மூன்று வரி. ஆனால் கோமாளி மட்டும் போகவில்லை.

அக்காவுக்கு அந்தக் கீபோர்டோடும் ஒரு சண்டை இருந்தது. அவர் ஆங்கில டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். சாவியைப் பார்க்காமலே அடிப்பார். பிரெஞ்சுக் கீபோர்டில் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அவர் ஏ என்று நினைத்து அடித்தால் க்யூ விழும். “எழுத்தக் கூட எடம் மாத்தி வச்சிருக்கானுவோ” என்று முணுமுணுத்துக்கொண்டே ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவார்.

அந்த வாரம்தான் என் நாத்தனாரிடமிருந்து கடிதம் வந்தது. கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். திருச்சியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வருகிறேன், அவருக்கு நினைவு இல்லை என்றால் இனி அங்கே வைத்திருப்பதில் அர்த்தமில்லை, என் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தார். நான் அதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு விருப்பமில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் மருமகள் ஏதோ திட்டம் போடுகிறாள் என்றுதான் ஆகும்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா தன் சட்டத்தை மீறினார். மீதி இருந்த மூன்று வரிகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்று நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி. கோமாளி வரவில்லை. நான் கைதட்டிக் குதித்தேன், கோமாளி வராத குறையை நானே தீர்த்துவைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா கீபோர்டில் இரண்டு கையையும் வைத்து, சாவியைப் பார்க்காமல், டைப்ரைட்டிங் பரீட்சையில் அடிப்பது போல ஒரு வாக்கியத்தைப் படபடவென்று அடித்தார். ஒரு எழுத்துப் பிசகாமல் விழுந்தது.

“பாத்தியா, அந்த எட மாத்தலும் தொலஞ்சுது. இப்பத்தான் மெஷினு ஒழுங்கா அடிக்குது” என்றார்.

மாமா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

மறுநாள் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை முறை, ஆபீஸ் போய்விட்டார். அண்ணி காலைப் பஸ்ஸில் வந்தார். மாமாவை நாற்காலியில் உட்கார வைத்துக் கீபோர்டை மடியில் வைத்தோம். அண்ணி அவர் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்து, “அப்பா, நான் யாரு? தட்டுங்கப்பா பாக்கலாம்” என்றார்.

மாமா மகளைப் பார்த்தார். விரலை நீட்டினார். ஒரு எழுத்து. ஓய்வு. நான் மாமாவின் விரலைப் பார்க்கவில்லை, கோமாளி வந்துவிடக் கூடாதே என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு எழுத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கோமாளி வரவில்லை. திரையில் இருந்தது இதுதான்: க்யூ, ஒரு அரைப்புள்ளி, இன்னொரு அரைப்புள்ளி, மறுபடி க்யூ.

“என்னா இது?” என்றார் அண்ணி.

மாமா தலையை ஆட்டினார். மறுபடி தட்டினார். மறுபடி அதே க்யூ, அதே அரைப்புள்ளிகள். அவர் திரையைப் பார்த்தார். பிறகு தன் விரலை முகத்துக்கு நேரே தூக்கி வெகுநேரம் பார்த்தார். எங்களுக்கெல்லாம் சந்தேகம் வரலாம், அவருக்கே தன் புத்தி மேல் சந்தேகம் வந்துவிட்டது. கையை மடிக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “பெத்த பொண்ணு பேரு தெரியல. இனிமே என்ன இருக்கு சொல்லு. வியாழக்கெழம காரு கொண்டாறேன், துணிமணிய எடுத்து வையி” என்று சொல்லிவிட்டு மத்தியானப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை.

நான்கு மணிக்கு அக்கா வந்தார். நான் திரையில் வந்ததை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், எதையும் எறியாதவள் அல்லவா. தாளைக் கொடுத்தேன். அக்காவுக்கு எழுத்துச் சிதைந்த தந்திகள் பழக்கம். வழியில் நாலு எழுத்து கெட்டு வந்தால் முன்னும் பின்னும் பார்த்துச் சரியான சொல்லைக் கண்டுபிடிப்பார். தாளைப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் ஒரே எழுத்து, நடுவிலும் ஒரே குறி இரண்டு தடவை.

“பெரியப்பா எந்தச் சாவியத் தட்டுனாரு, பாத்தியா?”

“இல்லையே, அக்கா.”

அவர் கீபோர்டின் முன் உட்கார்ந்தார். இந்த முறை சாவியைக் குனிந்து பார்த்து, ஏ என்று அச்சிட்டிருந்த சாவியை ஒற்றை விரலால் தொட்டார். திரையில் க்யூ விழுந்தது. எம் என்ற சாவியைத் தொட்டார். அரைப்புள்ளி விழுந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் சொன்னார்.

“நான் எடுத்த மூணு வரில ஒண்ணு, இந்த மெஷின பிரெஞ்சு மாதிரி அடிக்க வைக்கிற வரி. அத எடுத்ததும் உள்ளுக்குள்ள இங்கிலீசு மெஷினா ஆயிடுச்சு. என் வெரலு இங்கிலீசு வெரலு, எனக்கு எல்லாம் சரியா வந்துச்சு. பெரியப்பா வெரலு பிரெஞ்சு வெரலு. அவரு சரியாத்தான் தட்டியிருக்காரு. நான் என் வெரல வச்சு சோதிச்சேன், அவரு வெரல வச்சு சோதிக்கல.”

“அப்ப அவரு என்னதான் தட்டுனாரு?”

“ஏ, எம், எம், ஏ.” அக்கா தாளை என் பக்கம் திருப்பினார். “அம்மான்னு தட்டியிருக்காருடி. பொண்ண அவரு அப்படித்தானே கூப்பிடுவாரு.”

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. எழுந்து மாமாவின் கட்டிலுக்குப் போனார். சுவரைப் பார்த்துக் கிடந்தவரின் முகத்துக்கு நேரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“பெரியப்பா, நீங்க அம்மான்னு சரியாத்தான் அடிச்சிங்க. ஒங்க புத்தியில ஒரு கோளாறும் இல்ல. எடுக்கக் கூடாதத நான் எடுத்துட்டேன். தப்பு என்னுது.”

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இடது கை விரல் மெல்ல எழுந்து, கம்ப்யூட்டர் இருந்த பக்கம் நீண்டது. போய்த் திரும்ப வை என்று உத்தரவு போடுவது போல இருந்தது. அக்கா போய் நீல நோட்டைக் கொண்டுவந்து, கடைசியாக எடுத்த மூன்றில் எஃப்ஆர் என்று பிரான்ஸின் சுருக்கம் போல முடிந்த அந்த ஒரு வரியை மட்டும் திரும்பச் சேர்த்தார். கோமாளி வரவில்லை. பிறகு தான் சோதிக்காமல், கீபோர்டை மாமாவின் மடியில் வைத்தார். மாமா ஒரே ஒரு எழுத்தைத் தட்டினார். ஏ விழுந்தது. நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு அக்கா எழுதியதை நான் பார்த்தேன்: “யாருக்கு வேண்டாம் என்று கேட்காமல் எடுத்தேன்.”

திங்கட்கிழமை காலை தந்தியாபீஸுக்கு நானும் கூடப் போனேன். திருச்சி வீட்டில் போன் கிடையாது. கவுண்டருக்கு உள்ளே இருந்துகொண்டு அக்கா தன் கையால் படிவம் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: அப்பா சரியாக எழுதினார் பிழை என்னுடையது எழுதியது அம்மா மன்னிக்கவும் உடனே வரவும்.

பத்துப் பதினைந்து வருஷமாக அவர் அடிப்பதைப் பார்த்தவள் நான். ஒரு குறும்புதான், பென்சிலை எடுத்து, “பிழை என்னுதுன்னு சொன்னதுக்கு அப்பறம் மன்னிக்கவும் எதுக்கு, அக்கா? அதிகப்படிதானே?” என்றேன்.

அக்கா பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “அது இருக்கட்டும்” என்றார்.

அதன் பிறகு மாமா இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் என் ரசத்தைப் பற்றி அவர் எழுதியதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போனபோது பிஸ்கட் டப்பாவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதில் குப்பையைத்தான் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்தப் படிவத்தின் நகலும் அதில்தான் இருக்கிறது. தந்தி கொடுத்த மறுநாள், அந்தச் செவ்வாய்க்கிழமையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அண்ணி விடிந்து வந்த முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். தலைகூடச் சரியாக வாரவில்லை. அக்கா அன்று விடுப்புப் போட்டுவிட்டு எங்கள் வீட்டில் இருந்தார். அண்ணி திட்டினால் வாங்கிக்கொள்வதற்காகவே நிற்பது போல நிலைப்படி ஓரம் நின்றார். அண்ணி திட்டவில்லை, அவரைக் கவனிக்கவே இல்லை. நேரே போய் அப்பா எதிரில் உட்கார்ந்தார். இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மாமா தட்ட ஆரம்பித்தார். முதல் சொல் ‘அம்மா’. அது விழுந்ததும் நாங்கள் அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மாமா கையை மடியில் போட்டு ஓய்வெடுத்தார். மறுபடி விரலை நீட்டினார். ஒரு எழுத்து, ஓய்வு. ஒரு எழுத்து, ஓய்வு. வெளியே வெயில் ஏறிவிட்டது. எந்தக் கோமாளியும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் அந்தத் தமிழ்ச் சொல் கடைசியில் முழுதாக வந்து நின்றது.

அம்மா சாப்டியா.

அண்ணி அப்பாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். “இல்லப்பா. ஞாயித்துக்கெழமலேருந்து சாப்பிடலப்பா” என்றார்.

நிலைப்படியிலிருந்து அக்கா என் தோளைத் தொட்டார். “பாத்துகிட்டு நிக்கிறியே, போயி எலயப் போடு.”